எதிர்த்துப் பேசினால் பயங்கரவாதியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வீடு கடலூரில், வேலை புதுச்சேரியில். தினமும் பஸ் முள்ளோடை எல்லையைத் தாண்டும்போது சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வார்கள், பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க. எனக்கு ஒவ்வொரு முறையும் பாரதி நினைவு வரும். 1908-ல் பிரிட்டிஷ் அரசின் கைக்கு அகப்படாமல் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்கு வந்து பத்து வருஷம் இருந்துவிட்டு, 1918 நவம்பர் 20 அன்று திரும்பப் புறப்பட்ட மனிதரைக் கடலூர் எல்லைக்குள் வந்ததுமே பிடித்தார்கள். டிசம்பர் 14 வரை கடலூர் சிறை, அப்புறம் நிபந்தனையோடு விடுதலை. புதுச்சேரி ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் கவிஞர், அங்கிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் அவர் அரசுக்கு ஆபத்தானவர்.

போன மாதம் எங்கள் வாசகர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன். அன்றிலிருந்து போனிலும் டீக்கடையிலும் வந்துகொண்டிருக்கும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, வரலாறு சொல்லிக்கொடுக்கிறவன்.

கேள்வி: சுருக்கமாகச் சொல்லுங்கள், பிரச்சினை என்ன?

பயங்கரவாதத்தைத் தடுக்க என்று ஒரு சட்டம் வருகிறது. சாதாரண சட்டத்தில் இருக்கும் பாதுகாப்புகள், அதாவது சீக்கிரம் ஜாமீன், குற்றத்தை அரசே நிரூபிக்க வேண்டும், போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது போன்றவை, அதில் தளர்த்தப்படுகின்றன. குண்டு வைக்கிறவனுக்குத்தானே என்று நாம் எல்லோரும் தலையாட்டுகிறோம். பிறகு அதே சட்டம் பத்திரிகைக்காரர், மாணவர், எதிர்க்கட்சித் தலைவர் மீது பாய்கிறது. எதிர்த்துப் பேசினார் என்று சிறையில் போட்டால் உலகம் கேள்வி கேட்கும், பயங்கரவாதி என்று சொல்லிப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரரே கதவைச் சாத்திக்கொள்வார்.

கேள்வி: பயங்கரவாதம் என்றால் என்ன என்று ஐ.நா. வரையறுத்திருக்குமே?

இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அந்த மாதமே 28-ம் தேதி, பாதுகாப்பு சபை 1373-ம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. பயங்கரவாதச் செயல்களைக் கடுமையான குற்றமாக்க வேண்டும், அதற்குப் போகும் பணத்தை முடக்க வேண்டும் என்று எல்லா நாடுகளையும் அது கட்டாயப்படுத்தியது. ஆனால் எது பயங்கரவாதம் என்று அதில் ஒரு வரி கிடையாது. எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட முழுமையான வரையறை இன்றைக்கும் இல்லை. ஆகவே ஒவ்வொரு அரசும் தனக்கு வசதியானதை எழுதிக்கொண்டது.

எகிப்தின் 2015 சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொது ஒழுங்கைக் குலைப்பது, தேசிய ஒற்றுமைக்கு ஊறு செய்வது எல்லாம் அதன் வரையறைக்குள் வருகின்றன. ஒரு தாக்குதல் பற்றி அரசு சொன்னதற்கு மாறாகச் செய்தி போட்டால் இரண்டு லட்சம் முதல் ஐந்து லட்சம் எகிப்திய பவுண்டு வரை அபராதம். எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒரு நிருபர் தானே போய் எண்ணி எழுதுவதற்குத் தண்டனை இது.

கேள்வி: அப்படியானால் இது 2001-க்குப் பிறகு வந்த பழக்கமா?

சட்டத்தின் பெயர்தான் புதிது. 1919 மார்ச்சில் வந்த ரௌலட் சட்டத்தின் அதிகாரபூர்வப் பெயரே அராஜகக் குற்றங்களையும் புரட்சிக் குற்றங்களையும் பற்றியதுதான். முதல் உலகப் போர்க்காலத்தில் தற்காலிகமாக எடுத்துக்கொண்ட அதிகாரங்களைப் போர் முடிந்த பிறகும் கையில் வைத்துக்கொள்ள அதைக் கொண்டுவந்தார்கள். விசாரணை இல்லாமல் சிறை, ஜூரி இல்லாத நீதிமன்றம். அதை எதிர்த்த போராட்டத்தின் நடுவில்தான் ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலாபாக்கில் சுட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு 1967-ல் பயங்கரவாதச் சட்டம் ஒன்று போட்டது. அதன் 6-வது பிரிவில் ஒருவரை எத்தனை நாள் வேண்டுமானாலும் விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். நிறவெறியை எதிர்த்த ஸ்டீவ் பிகோ அந்தப் பிரிவில் பிடிபட்டு 1977 செப்டம்பர் 12-ல் போலீஸ் காவலில் இறந்தார். மண்டேலாவின் பெயர் அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீங்கியது 2008-ல்தான். அவர் குடியரசுத் தலைவராகி, பதவிக்காலமும் முடிந்து, நோபல் பரிசு வாங்கிப் பதினைந்து வருஷம் ஆன பிறகு!

இலங்கைச் சட்டம் நமக்கு இன்னும் நெருக்கம். 1979-ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கிறது. 1982-ல் அதை நிரந்தரமாக்கினார்கள். பெயரில் அந்தத் ‘தற்காலிக’ அப்படியே நின்றது. உதவிக் கண்காணிப்பாளர் பதவியிலோ அதற்கு மேலோ இருக்கும் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் அதில் சாட்சியமாகச் செல்லும். பத்திரிகையாளர் திசைநாயகம் 2006-ல் ஒரு மாத இதழில் எழுதிய கட்டுரைகளுக்காக 2009 ஆகஸ்டில் இருபது வருஷக் கடூழியச் சிறை விதித்தார்கள், அடுத்த வருஷம் மன்னிப்பு கொடுத்தார்கள். தமிழர்களுக்கு எதிராகத்தானே அந்தச் சட்டம் என்று அன்றைக்கு நினைத்த சிங்கள நண்பர்கள் 2022-ஐ மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருஷம் ராஜபக்ச அரசுக்கு எதிரான அரகலயப் போராட்டத்தின் மாணவர் தலைவர் வசந்த முதலிகே அதே சட்டத்தில் உள்ளே போனார், பல மாதம் இருந்தார், கடைசியில் பயங்கரவாதக் குற்றச்சாட்டு நிற்காது என்று நீதவான் சொன்னார்.

கேள்வி: ஒரு எதிர்க்கட்சிக்காரர் எந்த வழியில் பயங்கரவாதி ஆகிறார்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

நாட்டுக்கு நாடு வழி வேறு. துருக்கியில் 2016 ஜூலை 15-ல் ஒரு ராணுவப் புரட்சி முயற்சி நடந்தது. உண்மையில் நடந்தது, இருநூறுக்கு மேல் உயிர் போனது, அதற்குக் காரணமானவர்களைத் தேடுவதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அரசு ஊழியர்களை அவசரகால ஆணைகளால் வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒரு பள்ளி ஆசிரியரின் வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. அவர் மீதான ஆதாரம் என்ன தெரியுமா? புரட்சிக்குக் காரணம் என்று அரசு சொன்ன கூட்டத்தார் பேசிக்கொள்ளப் பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட பைலாக் என்ற ஆப்பைப் போனில் வைத்திருந்தார் என்பது முக்கியமானது. கூடவே ஒரு குறிப்பிட்ட வங்கியில் கணக்கு, ஒரு ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினர். அவர் உரிமை மீறப்பட்டது என்று 2023 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் டெமிர்தாஷை 2016 நவம்பரில் பிடித்தார்கள், 2018 குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர் சிறையிலிருந்தே போட்டியிட்டார், விடுவிக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் அதே ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லியும் விடவில்லை.

ரஷ்யாவில் முதலில் அமைப்பைத் தொட்டார்கள். புதினை எதிர்த்த நவால்னியின் ஊழல் எதிர்ப்பு நிதியம் 2021 ஜூனில் தீவிரவாத அமைப்பு என்று அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு அதில் வேலை பார்த்தவர், நன்கொடை கொடுத்தவர் எல்லோருமே வழக்குக்குப் பயப்பட வேண்டிய நிலை. 2022 ஜனவரியில் அவர் பெயரே பயங்கரவாதிகள் பட்டியலில் ஏறியது. 2024 பிப்ரவரியில் சிறையில் இறந்தார்.

சவூதியில் 2008-ல் பயங்கரவாத வழக்குகளுக்கென்று ஒரு சிறப்பு நீதிமன்றம் அமைத்தார்கள். பெண்கள் கார் ஓட்டும் உரிமை கேட்ட லுஜைன் அல் ஹத்லூல் 2018 மே மாதம் கைதானார். அடுத்த மாதமே பெண்கள் கார் ஓட்டலாம் என்று அரசு அனுமதித்தது, ஆனால் கேட்டவர் உள்ளேதான் இருந்தார், 2020 டிசம்பரில் அந்தச் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஐந்து வருஷம் எட்டு மாதம் விதித்தது. இங்கிலாந்தில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்த சல்மா அல் ஷெஹாப், ட்விட்டரில் எழுதியதற்காக 2022 ஆகஸ்டில் 34 வருஷத் தண்டனை பெற்றார். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய் அவர்.

எத்தியோப்பியாவையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஏப்ரலில் ‘ஸோன் 9’ என்ற வலைப்பதிவர் குழுவினரைப் பிடித்தபோது, இணையத்தில் தங்களைப் பாதுகாத்துக்கொள்ளப் பயிற்சி எடுத்ததையே அவர்களுக்கு எதிரான ஆதாரமாகக் காட்டினார்கள். வீட்டுக்குப் பூட்டுப் போட்டவனைத் திருடன் என்பது போல.

கேள்வி: வழக்கு நிற்காது என்று தெரிந்தும் ஏன் போடுகிறார்கள்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். தண்டனை வாங்கித் தருவது பல சமயம் நோக்கமே இல்லை. வழக்கு நடக்கும் காலம்தான் தண்டனை.

நம் நாட்டுக் கணக்கையே பாருங்கள். 1985-லிருந்து 1995 வரை இருந்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் 76,000 பேருக்கு மேல் கைதானார்கள், தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. உபா என்று நாம் சொல்லும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் 2019 வரை 5,922 பேர் கைது, 132 பேருக்குத் தண்டனை என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. அந்த 132 பேரும் அதே வருஷங்களில் கைதானவர்கள்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, வழக்கு முடியவே வருஷக்கணக்கில் ஆகிறது. நான் சொல்ல வருவதும் அந்த வருஷக்கணக்கைத்தான்.

உபாவில் போலீஸுக்குக் குற்றப்பத்திரிகை போட 180 நாள் வரை அவகாசம் உண்டு, சாதாரண சட்டத்தில் 60 அல்லது 90. 43டி(5) என்ற பிரிவு, போலீஸ் சொல்வது முதல் பார்வைக்கு உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் கூடாது என்கிறது. 2019-ல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கட்டத்தில் ஆதாரங்களை ஆழமாக அலசக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், எந்த விசாரணையும் இல்லாமல் ஒரு தனி மனிதரையே பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம் என்றானது.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷம் முன்னால் ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதை எதிர்த்து ஊர்க்காரர்களோடு ரோட்டில் உட்கார்ந்தேன். சாதாரண வழக்கு, பயங்கரவாதமெல்லாம் இல்லை. பதினைந்து நாள் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து போட வேண்டும் என்பது நிபந்தனை. நீளமான கோடு போட்ட நோட்டு, மேஜைக் காலில் சணல் கயிற்றால் கட்டிய பால்பாயிண்ட் பேனா. கயிறு நீளம் பத்தாது, குனிந்துதான் எழுத வேண்டும். சில நாள் எழுத்தர் வரும்வரை பதினொன்றரை வரை பெஞ்சில். பதினைந்து நாளும் சம்பளம் போச்சு. என்னோடு உட்கார்ந்தவர்களில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இருந்தார். ஐந்தாம் நாள் அவர் சொன்னார்: “இனிமே எந்தக் கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிடாதே தம்பி, கூடையைப் பார்க்க ஆளில்லை.” அவர் வரவும் இல்லை. பதினைந்து நாள் கையெழுத்துக்கே இப்படி என்றால், ஐந்து வருஷம் உள்ளே இருப்பதும், அதைத் தெருவே பார்ப்பதும் என்ன செய்யும்? உள்ளே போனவர் ஒருவர், வெளியில் வாயை மூடிக்கொண்டவர்கள் ஆயிரம் பேர்.

கேள்வி: அப்போ இந்தியாவையும் ரஷ்யா, சவூதியோடு சேர்க்கிறீர்களா?

சேர்க்கவில்லை. இங்கே தேர்தலில் ஆட்சி மாறுகிறது, நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பு சொல்கிறது, நான் இதை எழுதிவிட்டு வீட்டில் தூங்கப் போகிறேன். ஆனால் சட்டம் அதே குடும்பத்துச் சட்டம், அதைக் கையில் எடுப்பவரின் குணத்தை மட்டும் நம்பி இருக்கிறோம் என்பதுதான் என் கவலை.

ஸ்டான் சுவாமி திருச்சி மாவட்டத்தில் பிறந்த நம் மனிதர், ஜார்க்கண்டில் பழங்குடி மக்களோடு வாழ்ந்த பாதிரியார். 2020 அக்டோபர் 8-ல் ராஞ்சியில் அவரை உபாவில் கைது செய்தபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்கும் குவளை வேண்டும் என்று நவம்பரில் நீதிமன்றத்தில் கேட்டார், பதில் சொல்லவே இருபது நாள் அவகாசம் கேட்டது புலனாய்வுத் தரப்பு. ஒரு குவளைக்கு! ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5-ல் மும்பையில் இறந்தார். அவர் மீதான வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை. அவர் குற்றவாளியா இல்லையா என்பதை இனி எந்த நீதிமன்றமும் அவர் முன்னால் சொல்லப் போவதில்லை.

கேள்வி: தமிழ்நாட்டில் அரசியல் தலைவர்கள் மீது பாய்ந்ததா?

வைகோ. 2002 ஜூன் 29-ல் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று, ஜூலையில் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியதும் சென்னை விமான நிலையத்திலேயே ஜெயலலிதா அரசு பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைது செய்தது. வேலூர் சிறையில் ஏறத்தாழ 19 மாதம். இத்தனைக்கும் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த மத்தியக் கூட்டணி ஆட்சியில் அவர் கட்சியும் இருந்தது. பழ. நெடுமாறனும் அதே வருஷம் அதே சட்டத்தில் உள்ளே போனார். வெறும் பேச்சாதரவு, அதில் பயங்கரவாதத்தைத் தூண்டும் எண்ணம் இல்லாதபோது, குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. வைகோ பேசியது எனக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது வேறு விஷயம். ஒரு மேடைப் பேச்சுக்குப் பத்தொன்பது மாதம் என்பதுதான் கேள்வி.

கேள்வி: குண்டாஸும் இதுவும் ஒன்றா?

இல்லை. குண்டர் சட்டம் 1982-ன் மாநிலச் சட்டம், தடுப்புக் காவல், அதிகபட்சம் ஒரு வருஷம். ஆனால் ஒட்டிப் பிறந்த பழக்கம்தான். 2017 மே மாதம் மெரினாவில் ஈழ நினைவேந்தல் நடத்தப் போன திருமுருகன் காந்தி மீது அதைப் போட்டார்கள், செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நடுவில் போன மாதங்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கேள்வி: எல்லாம் சரி, நிஜமாகவே குண்டு வைக்கிறவனை என்னதான் செய்வது?

நியாயமான கேள்வி, இதைக் கேட்பவர்களை நான் ஒருநாளும் அரசின் ஆள் என்று நினைக்க மாட்டேன். 1998 பிப்ரவரி 14 கோவையில் 58 பேர் செத்தார்கள். 2019 ஈஸ்டர் அன்று இலங்கைத் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் 250-க்கும் மேல். அந்தக் குடும்பங்களுக்கு நீதி வேண்டாமா?

வேண்டும். ஆனால் கோவை வழக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். குண்டு வெடித்தபோது தடா காலாவதியாகிவிட்டது, பொடா பிறக்கவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டம், வெடிபொருள் சட்டம் என்று ஏற்கெனவே இருந்தவற்றை வைத்தே வழக்கு நடத்தி, 2007-ல் 158 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வாங்கினார்கள். கொலைக்கும் வெடிகுண்டுக்கும் சதிக்கும் எப்போதும் சட்டம் இருந்தது. அதே வழக்கில் கேரள அரசியல்வாதி மதானி ஒன்பது வருஷத்துக்கு மேல் ஜாமீனில்லாமல் இருந்து, கடைசியில் விடுதலையானார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், சாதாரண சட்டத்திலும் கால தாமதம் ஒரு மனிதனைத் தின்றுவிடும்.

நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: உயிருக்கோ உடலுக்கோ எதிரான வன்முறை அந்தக் குற்றச்சாட்டில் எங்கே இருக்கிறது? அதைக் காட்ட முடியாமல் ‘ஒற்றுமை’, ‘ஒழுங்கு’, ‘நாட்டின் பெயர்’ என்று போனால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: நாட்டை விட்டுப் போய்விட்டால் தப்பலாமா, பாரதி புதுச்சேரிக்கு வந்ததைப் போல?

பாரதிக்கு அன்று ஒரு எல்லைக் கோடு போதுமாக இருந்தது. பிரெஞ்சு மண்ணில் பிரிட்டிஷ் போலீஸ் கைவைக்க முடியாது, உளவாளிகளை அனுப்பினார்கள், ‘இந்தியா’ பத்திரிகையை அந்தப் பக்கம் போகாமல் தடுத்தார்கள், அது 1910-ல் நின்றே போனது. ஆனாலும் அவர் எழுதினார்.

இப்போது அந்தக் கோடு மெல்லியதாகிவிட்டது. 2021 மே 23-ல் ஏதென்ஸிலிருந்து வில்னியஸ் போன ரயன்ஏர் விமானத்தை, வெடிகுண்டு மிரட்டல் என்று சொல்லி பெலாரஸ் தன் தலைநகரில் இறக்கியது. இறங்கியதும் பிரதாசெவிச் என்ற இளம் பத்திரிகையாளரைக் கொண்டுபோனார்கள், அவர் பெயரை முந்தைய நவம்பரிலேயே பயங்கரவாதிகள் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தார்கள். பல நாட்டுப் போலீஸும் சேர்ந்த இன்டர்போல் அமைப்பின் வழியும் உண்டு. அரசியல் தன்மையுள்ள விஷயங்களில் தலையிடக் கூடாது என்று அதன் விதி 3 சொல்கிறது, இருந்தும் சீனாவின் உய்குர் சிறுபான்மையினரின் தலைவர் டோல்குன் ஈசாவைத் தேடிப் பிடிக்கச் சொன்ன சிவப்பு அறிவிப்பு 2018 பிப்ரவரியில்தான் நீக்கப்பட்டது.

கேள்வி: தொண்டு நிறுவனங்களின் பணத்தை முடக்குவதும் இதில் வருமா?

வரும். பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைத் தடுக்க என்று சர்வதேச நிதி நடவடிக்கைக் குழு 2001-ல் நாடுகளுக்குப் பரிந்துரைகள் கொடுத்தது. தொண்டு அமைப்புகள் இதற்கு மிக எளிதில் இரையாகும் என்று அதில் எழுதியிருந்தார்கள், 2016-ல்தான் அந்த வாசகத்தை எடுத்தார்கள். அதற்குள் பல அரசுகள் அதைக் காட்டியே வங்கிக் கணக்கை முடக்கப் பழகிவிட்டன. சிறைக்குப் போனால் செய்தி வரும். கணக்கு முடங்கினால் ஆபீஸ் வாடகை கட்ட முடியாமல் சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போவார்கள்.

கேள்வி: நீதிமன்றங்கள் ஒன்றுமே செய்யவில்லையா?

செய்திருக்கின்றன, பெரும்பாலும் தாமதமாக. விசாரணை வருஷக்கணக்கில் இழுத்தால் 43டி(5) இருந்தாலும் ஜாமீன் தரலாம் என்று 2021 பிப்ரவரியில் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவை 2023 அக்டோபரில் உபாவில் பிடித்தபோது கைதுக்கான காரணத்தை எழுத்தில் தரவில்லை, அதனாலேயே அந்தக் கைது செல்லாது என்று 2024 மே மாதம் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நம்மைப் போன்றவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: நாளைக்கு என் பையனை ஒரு கூட்டத்திலிருந்து அழைத்துப்போனால் நான் என்ன செய்ய வேண்டும்?

எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டது இது. பதற்றத்தில் முதல் மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் அழைத்துப் போனார்கள் என்று நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள், பக்கத்தில் இருந்தவர் பெயரையும். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும் கழியும், அது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு, எந்தப் பெயரில் கைது செய்தாலும் குற்ற வழக்கென்றால் இது பொருந்தும். குண்டாஸ் மாதிரித் தடுப்புக் காவலில் மட்டும் பொருந்தாது, அங்கே ஆணையின் நகலும் காரணங்களும் கையில் வந்ததா என்று பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து போடச் சொன்னால் பையன் மறுக்கலாம், இதை இன்றைக்கே அவனிடம் சொல்லி வையுங்கள். போனை அவர்கள் எடுத்துக்கொண்டால் எடுத்ததற்கு ரசீது வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணுக்கு அடியுங்கள், இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கே நேராகப் போங்கள். போகும்போது பையனின் ஆதார் நகல், வயதுக்கான சான்று, ஏதாவது நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் அந்த மருத்துவச் சீட்டு, மூன்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவச் சீட்டை முதல் நாளே மாஜிஸ்திரேட்டிடம் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.